ஒரு நோன்பும் விடாதவள்

அசனா உம்மாவின் வீட்டில் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு வந்ததா இல்லையா என்று வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் கிடையாது. சீ, அதெல்லாம் கேட்கிற கதையா! உள்ளறைக் கொடியில் தொங்கும் வெள்ளைத் தொழுகைத் துணியைப் பார்த்தால் போதும். பாங்கு சொல்லி முடிந்தும் அந்தத் துணி கொடியை விட்டு இறங்கவில்லையென்றால் மருமகளுக்குத் தொழுகை இல்லாத நாள். தொழுகை இல்லாத நாள் என்றால் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மூதூர்த் துறையடியில் இந்தக் கணக்குத் தெரியாத பெண் ஒருத்தியும் இல்லை.

அந்த வீட்டு மருமகள் நஜ்முன் நிஸா தோப்பூர்க்காரி. அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருக்கவேண்டும். நிஸாவின் வாப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு விதைத்தவர். மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்குமுன்பே மௌத்தாகிப் போனார். "வீடில்லாட்டி என்ன, எண்ட வீட்டுக்கு வரட்டும்" என்று அசனா உம்மா பெரிய மனது பண்ணித் தன் மகன் தாஹிருக்கு அவளை முடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெரிய மனதுக்கு நிஸா திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒரு பேரப்பிள்ளையைத்தான். ஆறு வருஷமாகியும் அது நடக்கவில்லை.

அதோடு நோவு வேறு. அந்த நாட்கள் வந்தால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். அடிவயிற்றில் பிடித்து, இடுப்பைச் சுற்றி, தொடை வரைக்கும் இறங்கும். குந்தி எழும்பக் கண் இருட்டும். வயசுக்கு வந்த புதிதில் அழுதபோது அவளுடைய உம்மா, "பொம்புளைக்கு இதெல்லாம் உள்ளதுதான், வாயை மூடிக்கிட்டுக் கிட" என்று சொல்லிவிட்டாள். அவளும் மூடிக்கொண்டாள். கருஞ்சீரகம் அவித்துக் குடித்தாள், ஓதின தண்ணீர் குடித்தாள், தலையணையை வயிற்றுக்குக் கொடுத்துக் குப்புறக் கிடந்தாள். யாராவது என்ன என்று கேட்டால் வாய்வு என்றாள்.

போன வருஷத்து நோன்பில்தான் வினை பிடித்தது. அவளுக்கு விலக்கு. நோன்பு இல்லை. ஆனாலும் ஊரெல்லாம் பட்டினி கிடக்கும்போது கண்முன்னே சாப்பிட முடியுமா? குசினி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு வாய் பழஞ்சோறு விழுங்கினாள். நோன்பு திறக்க வந்திருந்த நாத்தனார் றுக்கியா சட்டென்று உள்ளே வந்து கண்டுவிட்டாள். "ஐயோ மச்சி, இந்த மாசமும் குசினி மூலைதானா?" என்று சிரித்தாள். பொல்லாத சிரிப்பு இல்லை, விளையாட்டுச் சிரிப்புத்தான். வெளியே பாயில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்டது. அசனா உம்மா ஒரு பெருமூச்சு விட்டு, "எண்ட மகன்ட தலையெழுத்து" என்றாள். நிஸாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

அடுத்த நோன்பு வந்தது. மாவும் சீனியும் கூப்பனுக்கு வரிசையில் நின்று வாங்கிய எழுபத்து மூன்றாம் வருஷம். நோன்பு பாதி போனபோது நிஸாவுக்கு விலக்கு வந்தது. அன்றைக்கு விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழும்பினார்கள். அவளும் எழும்பினாள். பாங்கு கேட்டது. எல்லோருடைய கண்ணும் கொடிப் பக்கம் ஒருமுறை போய் வந்தது. நிஸா எழுந்து போய்த் தன் துணியை இழுத்தாள்.

தொழவில்லை, தொழுகிறவள் போல நின்றாள். குனிந்தாள், நெற்றியை நிலத்தில் வைத்தாள், வாயை மட்டும் அசைத்தாள். ஓர் எழுத்துக்கூட ஓதவில்லை. ஓதினால் பாவம் இன்னும் கூடிவிடும் என்று பயந்தாள். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தாள், நன்மை இல்லாத பட்டினி. உள்ளே நோவு கிழித்தது. யா அல்லாஹ், உன் முன்னாலேயே நடிக்கிறேனே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அப்படிக் கூசியும் மறுநாளும் அதையேதான் செய்தாள். தாஹிருக்குச் சந்தேகம் வரவும் வழியில்லை. அவன் மூதூருக்கும் திருக்கோணமலைக்கும் ஓடுகிற லாஞ்சுப் படகின் ட்ரைவர். துறையில் எஞ்சின் சாமான் களவு போகிறதென்று அந்த மாதம் முழுக்க லாஞ்சிலேயே படுத்தான்.

பெருநாளன்று வட்டிலப்பம் வெட்டும்போது றுக்கியாதான் போட்டு உடைத்தாள். "உம்மா, பாத்தீங்களா? மச்சி இந்த முறை ஒரு நோன்பும் விடல்ல!"

துணி ஒருநாளும் கொடியில் தங்கவில்லையென்றால் வயிற்றில் ஒன்று தங்கிவிட்டது என்று அர்த்தம். அசனா உம்மா கத்தியைக் கீழே வைத்தாள். மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் ஒருநாளும் பார்க்காத பார்வை. பிறகு வட்டிலப்பத்தில் நடுத்துண்டை எடுத்து நிஸாவின் பீங்கானில் வைத்தாள்.

அப்போதே "இல்லை மாமி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொன்னாளா இந்தப் பெண்? சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ தொழுததென்ன, நோன்பு பிடித்ததென்ன என்று வரும். அதற்கு என்ன பதில் இருக்கிறது? தலையைக் குனிந்துகொண்டு வட்டிலப்பத்தைத் தின்றாள். அந்தக் குனிந்த தலையை வெட்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெட்கம்தான், ஆனால் அவர்கள் நினைத்த வெட்கம் இல்லை.

இரண்டு நாளில் துறையடி முழுக்கக் கதை பரவியது. தாஹிர் லாஞ்சில் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் தோடம்பழ இனிப்புக் கொடுத்தானாம். அடுத்த வீட்டு றம்லா புளியங்காய் கொண்டுவந்து கொடுத்தாள். அசனா உம்மா மருமகளைக் குடம் தூக்க விடவில்லை, அம்மி பிடிக்க விடவில்லை. நிஸா ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று எழும்புவாள். சொல்லாமல் படுப்பாள். அடுத்த விலக்கும் வந்தது. மானக்கேட்டுக்கு ஒரு எல்லை வேண்டாமா? அன்றைக்கும் துணி கொடியை விட்டு இறங்கியது.

ஆனால் உடம்பு நடிக்குமா? அன்று முற்பகல் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு உள்ளே எதுவோ வெடித்தது போல ஒரு நோவு வந்தது. மீன் சட்டியோடு சரிந்து விழுந்தாள். ஓடிவந்த றம்லா பாவாடையில் இரத்தத்தைக் கண்டுவிட்டு, "ஐயோ மாமி! கரு கலைஞ்சிட்டுது!" என்று குழறினாள். அசனா உம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நிஸாவுக்கு எல்லாம் கேட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். நோவு பேச விடவில்லை. நோவுதான் விடவில்லை என்று அவள் தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள்.

ஒரு கதிரையில் இருத்தித் துறைக்குத் தூக்கிப் போனார்கள். வாடைக்காற்று அடிக்கிற மாதம். குடாக் கடல் கொந்தளித்தது. தாஹிர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான், திரும்பிப் பார்க்கவே இல்லை. அவனுடைய தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. லாஞ்சில் இருந்த பெண்கள் இடம் விட்டுக் கொடுத்தார்கள். ஒருத்தி தன் சேலைத் தலைப்பை நனைத்து நிஸாவின் முகத்தைத் துடைத்தாள். "முதல் பிள்ளை சில நேரம் இப்படித்தான் புள்ள. கவலப்படாத, அல்லா இன்னொண்டு தருவான்" என்றாள். ஆளுக்கு ஆள் ஆறுதல் சொன்னார்கள். ஒவ்வொரு ஆறுதலும் அவளைச் சுட்டது. கடலில் குதித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

திருக்கோணமலைப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டை அப்போது பார்த்தவர் டொக்டர் கமலேஸ்வரி. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், வெடுக்கென்று பேசுகிறவர். பிள்ளையில்லாத பெண்களைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறார் என்று வார்டில் கதை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சோதித்து முடிந்ததும் எல்லோரையும் திரைக்கு வெளியே அனுப்பிவிட்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பி நின்று கை கழுவிக்கொண்டே கேள்வி கேட்பார். முகத்தைப் பார்த்துக் கேட்டால் எங்கள் பெண்களுக்கு வாய் வராது என்பது அவர் கண்டுபிடித்த விசயம்.

"எத்தனை மாதம் தங்கினது?" என்று அந்த முதுகு கேட்டது.

திரைக்கு வெளியே அசனா உம்மாவின் செருப்புத் தெரிந்தது. "ரெண்டு மாசம் இருக்கும்" என்றாள் நிஸா.

குழாய் நின்றது. டொக்டர் கையைத் துடைத்தார். "சரி. ஊசி போட்டிருக்கு, நோவு குறையும். படுங்கோ. நான் திரும்பி வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அசனா உம்மா உள்ளே வந்தாள். கட்டில் ஓரத்தில் இருந்து நிஸாவின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். ஆறு வருஷத்தில் அந்தக் கை அவள் தலையைத் தொட்டதில்லை. "அழாத மகள். போனது போகட்டும். வயிறு திறந்திட்டுது, அது போதும். ஒண்டு வந்த வழியில இன்னொண்டு வரும். மலடி எண்டு ஒருத்தி வாய் திறக்கட்டும் பாப்பம், நாக்கை அறுத்திருவன்" என்றாள்.

நிஸா கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளதைச் சொல்லப்போனால், அந்த மடி அவளுக்கு இனித்தது. நடக்காத ஒன்றை இழந்ததற்காக இவ்வளவு மரியாதை! வாயைத் திறக்காமல் இப்படியே கிடந்தால் போதும். பிள்ளை தங்கிய வயிறு என்று பெயர் வந்துவிடும். வீட்டில் அவளுக்கு ஓர் இடம் இருக்கும். தொழுகைத் துணிக்கும் இனி வேலையில்லை. அப்படி நினைத்த அதே நேரம் தன்னை நினைக்கத் தனக்கே அருவருத்தது.

டொக்டர் திரும்பி வந்து, "அம்மா, கொஞ்சம் வெளியில இருங்கோ" என்று அசனா உம்மாவை அனுப்பினார். மறுபடியும் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி. கரு கலைஞ்சதெண்டால் துப்புரவாக்கிப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவன். ஆனா நான் கை வைச்சுப் பார்த்தனான். உங்கட கருப்பை பின்பக்கமா ஒட்டிப்போய்க் கிடக்கு. பக்கத்தில ஒரு கட்டி. இது ரெண்டு மாசத்தில வந்த சாமான் இல்லை. மாசாமாசம் உங்களுக்கு உயிர் போற நோவு இருந்திருக்கவேணும்."

நிஸாவுக்கு யாரோ தன் உடம்புக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல இருந்தது.

"கருப்பைக்குள்ள இருக்கவேண்டிய சவ்வு சில பேருக்கு வெளியில போய் வளரும். விலக்கு வரேக்கை அதுவும் இரத்தம் கசியும். போக வழியில்லாமல் உள்ளுக்கே தேங்கிக் கட்டியாகும், எல்லாத்தையும் ஒட்டவைக்கும். பிள்ளை தங்காததுக்கு அதுவும் ஒரு காரணம். எங்கட பெண்டுகளுக்கு இந்த வருத்தம் வாறதில்லை, அது வெள்ளைக்காரிகளின்ர வருத்தம் எண்டுதான் எனக்குப் படிப்பிச்சவை. வாறதில்லையா, இல்லாட்டி இவை வாய் திறக்கிறதில்லையா எண்டு பார்க்கத்தான் நான் ஒவ்வொருத்தரையும் இப்பிடிக் கேட்டு அலையிறன்." அவர் குழாயை மூடினார். "இப்ப திரும்பவும் கேக்கிறன். கரு தங்கினதா? தங்கினதெண்டால் நான் வேற வழியில யோசிக்கவேணும். தங்கேல்லை எண்டால் நாளைக்கே வயித்தைத் திறந்து அந்தக் கட்டியை எடுக்கவேணும். பிள்ளை கிடைக்கும் எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது. ஆனா நோவு குறையும்."

நிஸா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பொய்யைச் சொன்னால் மாமியின் மடி. உண்மையைச் சொன்னால் இந்த நோவுக்கு ஒரு மருந்து. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அந்த நோவோடு கொடியடியில் நின்று வாயை அசைப்பதை நினைத்துப் பார்த்தாள்.

"தங்கல்ல" என்றாள். சொன்னது தனக்கே கேட்கவில்லை. "ஒரு நாளும் தங்கல்ல டொக்டர். நான் பொய் சொன்னன்."

முதுகு அசையவில்லை. "நோவு?"

"சின்ன வயசில இருந்தே."

டொக்டர் திரும்பினார். ஏசப்போகிறார் என்று நிஸா முகத்தை மூடிக்கொண்டாள். "வெளியில இருக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்ல?" என்று மட்டும் அவர் கேட்டார்.

"மாமியக் கூப்பிடுங்க. நானே சொல்றன்."

அசனா உம்மா வந்தாள். வரும்போதே ஒரு முடிவோடு வந்தாள். "ஒப்பரேசன் எண்டு நேர்ஸ் மிஸ்ஸி என்னமோ சொல்றா. வயிறு திறந்த புள்ளைக்கு வெட்டுக்கொத்து எதுக்கு? எழும்பு மகள், பின்னேர லாஞ்சில வீட்ட போவம்" என்று தலையைத் தொடக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க மாமி" என்றாள் நிஸா. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கரு ஒண்டும் இல்ல. நோன்பில எனக்குத் தொழுகை இல்லாம இருந்திச்சு. இருந்தும் தொழுற மாதிரி நிண்டன். நோன்பு பிடிக்கிற மாதிரி இருந்தன். நீங்க கொடியப் பாப்பீங்க எண்டு பயந்து..."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. அசனா உம்மா கோபக்காரி; ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. நிஸா அடிக்காகக் காத்திருந்தாள், ஏச்சுக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வராதது அதைவிடப் பயமாக இருந்தது.

"அசுத்தமான உடம்போட தொழுற முஸல்லாப் பாயிலயா நிண்ட?" என்று அசனா உம்மா ஒருவழியாகக் கேட்டாள்.

"ஓம் மாமி."

"ரெண்டு மாசமும்?"

"ஓம்."

அசனா உம்மா எழும்பினாள். "அல்லாக்கிட்ட நீதான் கேக்கணும். அது எனக்கு ஏலாது" என்றாள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

விறாந்தையில் தாஹிரும் றம்லாவும் லாஞ்சில் கூட வந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். போச்சு என்று நிஸா நினைத்தாள். இனி துறையடியில் தலை நிமிர்த்த முடியாது. தோப்பூருக்குத் திருப்பி அனுப்பினால் ஒண்ட ஒரு குடிசைகூட இல்லை. போர்வையை இழுத்துக் காதை மூடினாள். மூடியும் கேட்டது. அசனா உம்மாவின் குரல் எந்தப் போர்வைக்குள்ளும் கேட்கிற குரல்.

"கருவும் இல்ல, கலையவும் இல்ல. நான்தான் பிழையா விளங்கிட்டன். புள்ள ஒண்டும் சொல்லல்ல. நான் என்னத்தையோ பாத்திட்டு, கிழட்டுப் புத்தியில ஊர் முழுக்கக் கத்தித் திரிஞ்சிட்டன்."

"அப்ப, உம்மா..." என்றான் தாஹிர். "நான் லாஞ்சில எல்லாருக்கும் சொல்லிட்டனே."

"நாளைக்கு அதே லாஞ்சில ஏறி நானே எல்லாருக்கும் சொல்றன். சிரிக்கிறவள் எண்ட முகத்தப் பாத்துச் சிரிக்கட்டும். அவளுக்கு வயித்துக்குள்ள கட்டியாம். வெட்டணுமாம். நீ போய் டொக்டருக்கிட்ட ஓம் எண்டு சொல்லிட்டு வா."

போர்வைக்குள் நிஸாவுக்கு அழுகை வந்தது. வெட்கம் தீரவில்லை, இன்னும் கூடிற்று. தன் பொய்யை அந்தப் பெருமைக்காரி தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பதைவிட அடி வாங்கியிருக்கலாம் போல இருந்தது.

அசனா உம்மா திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த நோவு எப்ப இருந்து?"

"வயசுக்கு வந்ததில இருந்து மாமி."

"எண்ட வீட்டுக்கு வந்த பிறகும்? மாசாமாசம்?"

"ஓம்."

அசனா உம்மா முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரு வீட்டுக்குள்ளதானே இருந்தம்" என்றாள். "நான் துணியத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கன்."

ஊசியின் வேகம் குறைந்திருக்க வேண்டும். அடிவயிற்றில் மறுபடியும் பிடித்தது. நிஸா பழக்கத்தில் பல்லைக் கடித்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள். "உம்மா!" என்று அவள் வாய்விட்டுக் கத்தியது வார்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. பத்துக் கட்டிலில் இருந்த பெண்களும் எழும்பி எட்டிப் பார்த்தார்கள்.

அசனா உம்மா திரையை ஓர் இழுப்பில் திறந்துவிட்டு அவர்களைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"என்ன பாக்கிறீங்க?" என்று கேட்டாள். "புள்ளைக்கு நோவுது."